உடல் தேறிவரும் நேரத்தில் முதுநிலைப் புள்ளியியல் எடுக்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அறுவை சிகிச்சை, தலையில் பட்ட அடி, மனச்சோர்வு, புற்றுநோய் சிகிச்சை, கோவிட் வந்துபோன பிறகும் விடாத அசதி. காரணம் எதுவானாலும், படிப்புக்குத் திரும்பும்போது பலர் தயங்கி நிற்பது ஒரே இடத்தில்தான்: முதுநிலைப் புள்ளியியல் பாடத்தை இந்த செமஸ்டரே எடுப்பதா, தள்ளிவைப்பதா?

மற்ற பாடங்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கடினமாக இருக்காது. கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் வகுப்பில் இரண்டு வாரம் படுத்துவிட்டால், விட்டுப்போனதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அடுத்த வார விவாதம் பெரும்பாலும் புரியும். புள்ளியியலில் அப்படி நடக்காது. கூட்டுப் பரவல் பிடிபடாதவருக்கு நிபந்தனை எதிர்பார்ப்பு புரியாது. அது புரியாதவருக்கு ராவ்–பிளாக்வெல் தேற்றம் வெறும் குறியீட்டுக் கூட்டமாகத்தான் தெரியும். இரண்டு வாரம் விட்டவர் மூன்றாம் வாரத்தில் பழையதையும் புதியதையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய உடம்பு அப்போதுதான் படுத்து எழுந்திருக்கும்.

முதுநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் கணக்குகளில் உதவிவரும் நான், இந்த நிலையில் இருப்பவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் நல்ல நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள், சராசரி நாளை வைத்தும் எடுக்காதீர்கள். உங்கள் மோசமான வாரத்தை வைத்து எடுங்கள். அதை எப்படி அளப்பது, அளந்த பிறகு என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தப் புள்ளியியல் என்று முதலில் தெளிவுபடுத்துங்கள்

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது கோட்பாட்டுப் புள்ளியியல்: நிகழ்தகவு, பரவல்கள், மேக்ஸிமம் லைக்லிஹுட், நேமன்–பியர்சன் சோதனை, கிராமர்–ராவ் எல்லை, மைய எல்லைத் தேற்றத்தின் நிறுவல் என்று போகும். சில துறைகளில் இது, நிகழ்தகவுக்கு அடித்தளமான மெஷர் தியரி என்ற கணிதக் கோட்பாட்டோடு வரும், அப்போது சுமை இன்னொரு மடங்கு கூடும். இரண்டாவது செய்முறை சார்ந்தது: ரிக்ரெஷன், பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள், ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் தரவுகளை அலசுவது. மூன்றாவது, உளவியல், பொதுச் சுகாதாரம், கல்வியியல் போன்ற துறைகளின் மாணவர்களுக்காகவே நடத்தப்படுவது. அதில் நிறுவல்கள் குறைவு, பயன்பாடு அதிகம்.

உடல் தேறிவருபவருக்கு இவை மூன்றும் வேறு வேறு விதமாக வலிக்கும். கோட்பாட்டுப் பாடம் கேட்பது, இடைவிடாமல் ஒன்றரை மணி நேரம் ஒரே கணக்கைத் தலைக்குள் வைத்திருக்கும் திறனை. யோசனைச் சங்கிலி நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். செய்முறைப் பாடத்தில் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யலாம், நிரலை நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் திரையைப் பார்க்கும் நேரம் அதிகம். தலையில் அடிபட்டவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அதுவே பெரிய தடையாகலாம். ஆகவே "புள்ளியியல் கஷ்டமா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. போன வருடத்துப் பாடத்திட்டத்தையும் இரண்டு வீட்டுப்பாடத் தாள்களையும் கையில் வாங்குங்கள். இவை இல்லாமல் அடுத்த படிகளைச் செய்ய முடியாது.

படி 2: மணிக்கணக்கைப் போடுங்கள்

அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பும். எனவே 3 கிரெடிட் பாடம் வாரத்துக்கு 9 மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர வேலை. 6 கிரெடிட் பாடம் 150 முதல் 180 மணி நேரம், 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 10 முதல் 12 மணி நேரம்.

இது காகிதக் கணக்கு. கோட்பாட்டுப் பாடத்தில், அடிப்படை நன்றாக இருப்பவருக்கே வீட்டுப்பாடம் இதைத் தாண்டிப் போவது சகஜம். இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்த மாணவர்களிடம் கேட்கும்போது "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்காமல், "மிக நீளமான வீட்டுப்பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆனது?" என்று கேளுங்கள். அந்த எண்ணைத்தான் எழுதிவைக்க வேண்டும். கற்பிக்கும் பணி, ஆய்வகப் பணி, மருத்துவமனைக்குப் போய்வரும் நேரம், பிசியோதெரபி எல்லாவற்றையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். சிகிச்சையும் ஒரு வேலைதான், அதற்கும் மணி நேரம் உண்டு.

படி 3: உங்கள் உடம்பைப் பற்றித் தரவு சேருங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். மற்றதை அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு விஷயம் போதும்: தூங்கிய நேரம், தெளிவாக யோசிக்க முடிந்த மணி நேரம், அன்று செய்த கடினமான வேலை, மறுநாள் உடம்பு எப்படி இருந்தது. "தெளிவாக யோசிக்க முடிந்த மணி நேரம்" என்றால் கண்விழித்து உட்கார்ந்திருந்த நேரம் அல்ல. புதிய பத்தி ஒன்றைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதைச் சொந்தமாக எழுத முடிகிற நேரம்.

இதில் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, தாமதமாக வரும் சரிவு. நீடித்த கோவிட், நாள்பட்ட சோர்வு நோய் போன்றவற்றில், உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. பொதுவாக 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு சரியும், அது நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். மூளை உழைப்பும் இதைத் தூண்டும், மாடிப்படி ஏறினால்தான் என்றில்லை. இப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை நான்கு மணி நேரம் கணக்குப் போட்டுவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நினைத்தால், அந்த நினைப்பு வியாழக்கிழமை வரை செல்லாது. அதனால்தான் மறுநாள் நிலையைத் தனியாக எழுதச் சொல்கிறேன். சரிவு இரண்டு நாள் தள்ளி வருபவர்கள் அதையும் எந்த வேலையோடு சேர்ந்தது என்று குறித்து வையுங்கள்.

இரண்டாவது, விட்டுப்போன நாட்கள். குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாத நாள் எது? பெரும்பாலும் எழுதவே முடியாத அளவுக்கு மோசமான நாள். தரவு விட்டுப்போவதற்கான காரணமே அந்தத் தரவின் மதிப்போடு தொடர்புடையதாக இருந்தால், மீதித் தரவை மட்டும் வைத்துப் போடும் சராசரி ஏமாற்றும். விடுபட்ட தரவைப் பற்றிப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை இந்தப் பிரச்சினைக்குத்தான் ஒழுங்கான வடிவம் கொடுத்தது. உங்கள் குறிப்பேட்டுக்கு எளிய விதி போதும்: காலியாக இருக்கும் நாளுக்குப் பூஜ்ஜியம் போடுங்கள்.

மூன்றாவது, மோசமான நாட்கள் கொத்தாக வருகின்றனவா என்பது. இதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஐந்து நாளில் ஒரு நாள் உங்களுக்கு மோசமான நாள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 20 சதவீதம். ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மூன்று நாளும் மோசமாக அமைய வாய்ப்பு 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.8 சதவீதம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு நாள் சரிந்தால் மறுநாளும் சரிந்தே இருக்க 70 சதவீத வாய்ப்பு இருந்தால், அதே மூன்று நாள் 0.2 × 0.7 × 0.7, கிட்டத்தட்ட 10 சதவீதம். பன்னிரண்டு மடங்கு! மோசமான நாட்களின் மொத்த எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். வாரா வாரம் வீட்டுப்பாடம் வரும் பாடத்தில் இந்த வித்தியாசம்தான் செமஸ்டரைத் தீர்மானிக்கும். ஆகவே எத்தனை மோசமான நாள் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவை தனித்தனியாக வருகின்றனவா, தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது, எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும், சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை என்று ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் காட்டினார். உச்சத்தில் இருக்கும் அளவீட்டுக்கு அடுத்த அளவீடு பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கும், அடிமட்டத்தில் இருப்பது ஏறும். அருமையாகப் போன ஒரு வாரத்தின் முடிவில் உற்சாகத்தோடு பாடத்தைப் பதிவு செய்தால், அடுத்த வாரம் இறங்கும்போது தோற்றுப்போனதாகத் தோன்றும். படுமோசமான வாரத்தில் படிப்பையே விட்டுவிட முடிவெடுத்தால், அதுவும் அதே பிழைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு வகை வாரங்களிலும் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

நான்கு வாரத் தரவு சின்ன மாதிரிதான் என்பது உண்மை. அதனால் பழைய தடயங்களையும் தேடுங்கள். கடந்த மாதங்களில் ரத்து செய்த சந்திப்புகள், பதில் போடாமல் விட்ட மின்னஞ்சல்கள், மருத்துவச் சீட்டுகளின் தேதிகள் எல்லாமே சரிவு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைக் காட்டும்.

படி 4: உண்மையான வீட்டுப்பாடத்தைப் போட்டுப் பாருங்கள்

குறிப்பேடு எழுதும் அதே வாரங்களில், வாங்கி வைத்த பழைய வீட்டுப்பாடத்திலிருந்து கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். அதோடு அடிப்படையைச் சோதிக்க இந்த ஐந்தும் உதவும்:

- பூஜ்ஜியத்திலிருந்து தீட்டா வரை சீரான பரவலிலிருந்து வந்த மாதிரிக்கு, தீட்டாவின் மேக்ஸிமம் லைக்லிஹுட் மதிப்பீட்டைக் கண்டுபிடிப்பது. அது ஏன் மாதிரியின் மீப்பெரு மதிப்பு, ஏன் அது சராசரியாகத் தீட்டாவைவிடக் குறைவாக வரும் என்று சொல்ல முடிகிறதா?
- ஒன்றையொன்று சாராத இரண்டு அடுக்குக்குறிப் பரவல் மாறிகளின் கூட்டுத்தொகைக்குப் பரவலைக் கண்டுபிடிப்பது, இரண்டின் வீதமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு. காமா பரவல் வர வேண்டும்.
- இரண்டு மாறிகளை வேறு இரண்டாக மாற்றும்போது ஜாக்கோபியனைப் போட்டுக் கூட்டு அடர்த்திச் சார்பை எழுதுவது.
- ரிக்ரெஷனில் வரும் வீழல் அணியை (projection matrix) அதே அணியால் பெருக்கினால் மறுபடி அதே அணி ஏன் கிடைக்கிறது என்று காட்டுவது.
- நிபந்தனை எதிர்பார்ப்பின் எதிர்பார்ப்பை எடுத்தால் சாதாரண எதிர்பார்ப்பு வரும் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு விளக்குவது.

இவற்றில் தடுமாறினால் உடனே மனம் தளர வேண்டாம். தடுமாற்றத்துக்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். ஒன்று மறதி: படித்து நாளாகிவிட்டது, அவ்வளவுதான். மற்றது மூளை மந்தம்: தெரிந்ததையே தலையில் பிடித்துவைக்க முடியவில்லை. மறதி என்றால் ஒரு முறை திருப்பிப் பார்த்ததும் சட்டென்று நினைவு வரும், அடுத்த நாள் இன்னும் வேகமாக வரும். மந்தம் என்றால் காலையில் நாற்பது நிமிடத்தில் முடித்த அதே வகைக் கணக்கு மாலையில் இரண்டு மணி நேரம் இழுக்கும். அல்லது இரண்டாவது வரி எழுதும்போது முதல் வரி ஏன் எழுதினோம் என்பதே மறந்துபோகும். மறதிக்கு மருந்து பயிற்சி. மந்தத்துக்குப் பயிற்சியைக் கூட்டினால் சில நோய்களில் நிலைமை இன்னும் கெடும்.

ஒரு நல்ல நாளில் ஒன்று, சுமாரான நாளில் ஒன்று என்று இரண்டு முறையாவது போடுங்கள். கணக்கு சரியாக வந்ததா என்பதைவிட, எவ்வளவு நேரம் ஆனது, மறுநாள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதுதான் தேவையான தகவல்.

படி 5: மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நான் படிக்கலாமா, டாக்டர்?" என்று கேட்டால் "தாராளமாக, ஆனால் அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பேட்டைக் காட்டி இப்படிக் கேளுங்கள்: அடுத்த நான்கு மாதத்தில் சிகிச்சையில் மாற்றம் வருமா? மருந்தளவு கூடுமா, குறையுமா? என் நிலையில் இருப்பவர்கள் நேர்க்கோட்டில் தேறுவார்களா, ஏறி இறங்கித் தேறுவார்களா? மூளை உழைப்பை மெதுவாகக் கூட்டிப் போவது எனக்கு நல்லதா, அல்லது ஒரு வரம்புக்குள் நிற்பது நல்லதா?

கடைசிக் கேள்விக்கு நோய்க்கு நோய் பதில் மாறும். தலையில் லேசான அடி பட்டவர்களை முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு படிப்படியாக வேலைக்குத் திரும்பச் சொல்கிறார்கள், வாரக்கணக்கில் இருட்டறையில் கிடப்பதை இப்போது பரிந்துரைப்பதில்லை. உழைப்புக்குப் பின் சரியும் நோய்களில் அதே "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு" என்ற அறிவுரை தீங்கு செய்யலாம்.

மருந்துகளையும் கேளுங்கள். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட் சிலருக்குக் கவனத்தையும் சொல் நினைவையும் பாதிக்கும். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். நோய் என்று நினைத்தது மருந்தின் வேலையாக இருந்தால், மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றுவதே சிலருக்குப் போதும். அதை மருத்துவரோடு பேசித்தான் செய்ய வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

மனச்சோர்விலிருந்து மீள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "என்னால் எதுவும் முடியாது" என்பது அந்த நோய் பேசும் பேச்சாக இருக்கலாம், அதை அளவீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பேட்டில் உள்ள எண்களை நம்புங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், பாடத்தைப் பற்றிய கேள்வியை அப்படியே வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ சொல்லுங்கள்.

படி 6: பல்கலைக்கழகத்தில் பேச வேண்டியவர்கள்

மாற்றுத்திறனாளி மாணவர் உதவி அலுவலகம் இருந்தால் முதலில் அங்கே போங்கள், செமஸ்டர் தொடங்கும் முன்பே. சலுகைகள் பொதுவாகப் பின்தேதியிட்டுக் கிடைப்பதில்லை. நோய் விவரமும் மருத்துவச் சான்றும் அவர்களிடம் இருந்தால் போதும், பேராசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

என்ன சலுகை கேட்பது என்பதில் நிறைய யோசிக்க வேண்டும், ஏனென்றால் வழக்கமாகக் கொடுப்பது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம் என்பது பரவலான சலுகை. மெதுவாக யோசிப்பவருக்கு அது வரம். சீக்கிரம் களைத்துப்போகிறவருக்கோ 3 மணி நேரத் தேர்வு நாலரை மணி நேரத் தேர்வாகும், கடைசி ஒன்றரை மணி நேரத்தில் எழுதுவது எதுவும் தேறாது. அவருக்குத் தேவை, கடிகாரத்தை நிறுத்திவிட்டு எடுக்கும் இடைவேளை, அல்லது தேர்வை இரண்டு நாளாகப் பிரிப்பது.

வீட்டுப்பாடத்துக்குக் கூடுதல் நாள் கேட்பதும் அப்படித்தான். ஒரு வாரம் தள்ளிக் கொடுக்க அனுமதித்தால் அந்த வாரம் நிம்மதி, ஆனால் அடுத்த வாரம் இரண்டு வீட்டுப்பாடம் மேசையில் இருக்கும். புள்ளியியலில் இது வட்டி போடும் கடன் மாதிரி. அதைவிட, மதிப்பெண் குறைந்த இரண்டு வீட்டுப்பாடங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, அல்லது ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட சில கணக்குகளை மட்டும் போடுவது என்று கேளுங்கள். வகுப்பின் ஒலிப்பதிவோ காணொளியோ கிடைத்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

பேராசிரியருக்கு நீளமாக எழுத வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வரும் செமஸ்டரில் தங்கள் புள்ளியியல் பாடத்தை எடுக்கலாமா என்று யோசித்துவருகிறேன். உடல்நலம் தேறிவருவதால் சில வாரங்களில் என் வேகம் குறையலாம். போன வருடத்துப் பாடத்திட்டமும் ஓரிரு வீட்டுப்பாடங்களும் கிடைத்தால் முடிவெடுக்க உதவும். எந்த வாரங்கள் மிகக் கடினமானவை, தொடர்ந்து இரண்டு வகுப்பு தவறினால் ஈடுகட்ட வழி உண்டா என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்."

பதில் எப்படி வருகிறது என்பதே ஒரு தகவல். தெளிவாக, பொறுமையாகப் பதில் எழுதுபவரிடம் படிப்பதும், விதிகளை மட்டும் எடுத்துச் சொல்பவரிடம் படிப்பதும் உடம்பு சரியில்லாத வாரங்களில் ஒன்றாக இருக்காது. அதே பாடத்தை அடுத்த முறை வேறொருவர் நடத்துவார் என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறதா? இரண்டாம் பகுதி இதைச் சார்ந்ததா? முனைவர் பட்டத் தகுதித் தேர்வு இதிலிருந்து வருகிறதா? மருத்துவ விடுப்பு எடுத்தால் பட்டம் முடிக்க வேண்டிய காலக்கெடு நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? பாடத்தைக் குறைத்தால் உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, விடுதி இடம் பாதிக்குமா? வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். முழுநேர மாணவர் என்ற நிலையை விசா கேட்கும் நாடுகளில், பாடத்தை விடும் முன் எழுத்துபூர்வ அனுமதி வாங்குவதும், விட்ட பிறகு போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

படி 7: எடுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் உள்ள வழிகள்

இந்தப் பாடத்தை மட்டும் எடுத்து மற்றதைக் குறைப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழியும் இதுதான். உடன் எடுக்க வேண்டியிருந்தால், நிறுவல்கள் நிறைந்த இன்னொரு கணிதப் பாடத்தைச் சேர்க்காமல், வாசிப்பு சார்ந்த பாடத்தைச் சேருங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே வகை யோசனையைக் கேட்காது.

கோட்பாட்டைத் தள்ளிவைத்துச் செய்முறைப் பாடத்தை முன்னால் எடுப்பது இன்னொரு வழி, விதிகள் இடம் கொடுத்தால். இளநிலை நிகழ்தகவுப் பாடத்தை மறுபடி எடுப்பதும் நல்லதே, குறிப்பாக மேலே சொன்ன ஐந்து கணக்கில் தடுமாற்றத்துக்குக் காரணம் மறதி என்றால்.

மதிப்பெண் இல்லாமல் வகுப்பில் போய் உட்காருவதைப் பலர் சிபாரிசு செய்வார்கள். கோட்பாட்டுப் பாடத்துக்கு அதனால் பெரிய பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கரும்பலகையில் நிறுவலைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், கற்றல் நடப்பதோ தனியாகக் கணக்குப் போடும்போதுதான். செய்முறைப் பாடத்துக்கு அது ஓரளவு உதவும்.

படி 8: முடிவும், நிறுத்தும் விதியும்

இப்போது இரண்டு எண்களை எடுங்கள். ஒன்று, படி 2-ல் எழுதிய, பாடம் கேட்கும் வார மணி நேரம். மற்றது, குறிப்பேட்டில் உள்ள மோசமான வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த தெளிவான மணி நேரம், அதிலிருந்து மற்ற பொறுப்புகளுக்கான நேரத்தைக் கழித்தது.

மோசமான வாரத்திலும் பாடத்துக்குத் தேவையான நேரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கிடைத்தால், எடுக்கலாம். மீதியை நல்ல வாரங்களும் சலுகைகளும் பார்த்துக்கொள்ளும். பாதிக்கும் கீழே போனால், தள்ளிவைப்பதே நல்லது, சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்றால், மோசமான நாட்கள் கொத்தாக வருகின்றனவா என்று பாருங்கள். தனித்தனியாக வந்தால் எடுக்கலாம். தொடர்ந்து வந்தால், இந்தப் பாடம் மட்டும் என்ற நிலையில்தான் எடுக்க வேண்டும். இந்த வரம்புகள் என் அனுபவத்தில் வந்த மதிப்பீடு. உங்கள் பாடத்தின் கடுமைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் தொடங்கும் முன்பே மாற்றுங்கள்.

எடுப்பது என்று முடிவானால், அதே நாளில் நிறுத்தும் விதியையும் எழுதுங்கள். புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருத்துவச் சோதனைகளில், எந்தக் கட்டத்தில் என்ன பார்த்தால் சோதனையை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். நடுவில் முடிவெடுப்பவர்களின் ஆசையும் பயமும் முடிவைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக. உங்களுக்கும் அதே தேவை. பதிவேட்டில் தடயமின்றிப் பாடத்தை விடக் கடைசித் தேதி எது, விலகல் குறிப்போடு விடக் கடைசித் தேதி எது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் முன்னால் ஒரு சோதனை நாள் வையுங்கள். அன்று பார்க்க வேண்டியவை: தொடர்ந்து இரண்டு வீட்டுப்பாடம் பாதிக்கும் கீழே முடிந்ததா? தூக்கம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டதா? சிகிச்சைச் சந்திப்பு எதையாவது பாடத்துக்காகத் தள்ளிப்போட்டீர்களா? இவற்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால் பாடத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவதற்கு மட்டும் "ஆம்" என்றாலும் விட்டுவிடுங்கள் என்பேன்.

இந்த விதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். களைப்பில் இருக்கும்போது நம் கணக்கை நாமே திருத்த ஆரம்பிப்போம்.

விலகல் குறிப்பைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். விலகியதற்கு மருத்துவக் காரணம் சொல்லிவிடலாம், பதிவேட்டில் ஒரு வரியோடு போகும். தோல்வி மதிப்பெண் சராசரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சில இடங்களில் உதவித்தொகையையும் ஆட்டிவைக்கும். பாடத்தின் பெரும்பகுதியை முடித்துவிட்டுக் கடைசியில் படுத்தவர்கள், முடிவுறாத பாடமாகப் பதிவு செய்து பிறகு முடிக்க முடியுமா என்று கேட்கலாம். பாதியிலேயே படுத்தவர்களுக்கு அது பொருந்தாது, பாதிப் பாடத்தை அடுத்த செமஸ்டர் பாடங்களோடு சேர்த்துச் சுமக்க வேண்டிவரும்.

படி 9: எடுத்துவிட்டால்

நாளில் மூளை தெளிவாக இருக்கும் நேரம் எது என்று குறிப்பேடு சொல்லும். அந்த நேரத்தைக் கணக்குகளுக்கு மட்டும் வையுங்கள். மின்னஞ்சலும், நிரலைச் சீராக்குவதும், விடையைச் சுத்தமாகத் திருப்பி எழுதுவதும் மந்தமான நேரத்துக்குப் போகட்டும்.

வீட்டுப்பாடம் கிடைத்த அன்றே எல்லாக் கேள்வியையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்தத் தேற்றம் உதவலாம்" என்று மூன்று வரி எழுதுங்கள். அப்புறம் மூடிவிடுங்கள். நடுவில் இரண்டு நாள் போனாலும் அந்த மூன்று வரி உங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடும். ஒரு கணக்கை நிறுத்தும்போதும் அப்படியே: அடுத்து எதை முயல நினைத்தேன் என்று ஒரு வரி எழுதாமல் எழுந்திருக்காதீர்கள்.

படுத்துவிட்ட வாரத்துக்குப் பிறகு, விட்டுப்போனதை முதலிலிருந்து முழுதாகப் படிக்க முயலாதீர்கள். இந்த வார வகுப்புக்கு எது தேவையோ அதை மட்டும் பாட உதவியாளரிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டு, நடப்புப் பாடத்தோடு சேர்ந்துவிடுங்கள். ஓட்டைகளை இடைவேளை வாரத்தில் அடைக்கலாம்.

படி 10: தள்ளிவைத்தால்

தள்ளிவைத்த மாதங்களில் பாடம் முழுவதையும் தனியாகப் படித்துவிடத் திட்டம் போட வேண்டாம். அப்படிச் செய்தால் சலுகையும் ஆசிரியரும் இல்லாமல் அதே பாடத்தை எடுத்ததாகிவிடும். முன்னால் தேவைப்படுபவை மூன்றுதான்: பன்மாறி நுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு. வாரத்துக்கு இரண்டு கணக்கு, உடம்பு இடம் கொடுக்கும் நாளில். நிகழ்தகவிலிருந்து ஆரம்பியுங்கள், கோட்பாட்டுப் பாடத்தின் முதல் வாரங்கள் அதில்தான் போகும். ஆரில் சிறு உருவகப்படுத்தல் எழுதிப் பார்ப்பதும் களைப்பு தராத நல்ல வழி: சீரான பரவலிலிருந்து பத்து எண்ணை எடுத்து மீப்பெரு மதிப்பைப் பார்ப்பது, அதை ஆயிரம் முறை செய்து வரைபடம் போடுவது. தேற்றத்தைப் பிறகு படிக்கும்போது கண்ணால் பார்த்த ஒன்றாக இருக்கும்.

துறைக்குத் தள்ளிவைப்பதை எழுத்தில் தெரிவித்து, அடுத்த முறை இடம் உறுதியா என்று பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பதிவுத் தேதிக்கு ஆறு வாரம் முன்பு நாட்காட்டியில் ஒரு குறிப்புப் போடுங்கள். அன்று புதிய குறிப்பேட்டைத் தொடங்கி, மறுபடி நான்கு வாரத் தரவு சேர்த்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி ஏறியிருப்பது நல்ல செய்தி. மோசமான வாரம் முன்பைவிட லேசாகவும், கொத்துகள் குட்டையாகவும் ஆகியிருந்தால் பதிவு செய்யலாம்.